வந்த விமானமே திரும்பிப் போகும்

டெல்லியிலிருந்து வர வேண்டிய விமானம் வந்தால்தான் டெல்லிக்குப் போக வேண்டிய விமானம் என்று ஒன்று உண்டாகும். இரண்டும் ஒன்றேதான். இதை ஆவுடையப்பன் பதினைந்து நாளாக மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறார். அவர் மனைவி சங்கரவடிவைச் சென்னையில் இறக்கிவிட்டு, கையோடு அவரை ஏற்றிக்கொண்டு அது திரும்பிவிடும். சின்னவன் பாலவேசத்தின் மூளை அப்படி வேலை செய்திருக்கிறது. "அண்ணா, அம்மா வர்ற ஃபிளைட்டேதான் திரும்பி இங்க வருது. அதுல அப்பாவை ஏத்திட்டா நீ ஒரே தடவை ஏர்போர்ட் போனா போதும்" என்று டெல்லியிலிருந்து அவன் சொன்னதும், இங்கே பெரியவன் சிவசைலம் "சூப்பர்டா" என்றதும், ஸ்பீக்கரில் போட்ட போனிலிருந்து கூடம் முழுக்கக் கேட்டது. அப்பாவும் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றிய பேச்சு என்பதால் அவரிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பெட்ரோல் செலவில் ஒரு கிழத்தை இறக்கி ஒரு கிழத்தை ஏற்றுவது, நல்ல யோசனைதான், அவருக்கே கைதட்டலாம் போல இருந்தது. பெரியவன் இப்போது கீழே, பயணிகள் வெளியே வரும் வாசலில், அம்மாவுக்காகக் காத்துக்கொண்டிருப்பான். அப்பாவை இறக்கிவிட்டு அப்படியே நாலு அடி தள்ளிப் போய் நின்றால் போதும் அவனுக்கு. அப்பா மட்டும் சோதனை எல்லாம் முடிந்து, மாடியில், ஏறும் வாசலுக்கு முன்னால், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் காலில் ஒன்றும் இல்லை. நேற்றுக் காலைகூட பெரும்பாக்கம் ஏரிக்கரையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தவர்தான். சக்கர நாற்காலி பிள்ளைகள் செய்த ஏற்பாடு. டிக்கெட் போடும்போதே ஒரு கட்டத்தைத் தட்டிவிட்டால் வாசலிலிருந்து இருக்கை வரைக்கும் அவர்களே தள்ளிக்கொண்டு போய் வைத்துவிடுவார்கள், கூட யாரும் போக வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம், கிழங்கள் வழி தவறி வேறு ஊர் விமானத்தில் ஏறிவிடும் என்ற பயமும் வேண்டாம். "எல்லா பேரண்ட்ஸும் இப்படித்தான்ப்பா போறாங்க. நீங்க பாட்டுக்கு உக்காந்திருங்க. நடுவுல மட்டும் எந்திரிச்சு நடந்துடாதீங்க, அசிங்கமாயிடும்" என்றான் பெரியவன். அவரும் உட்கார்ந்தார். சொன்ன இடத்தில் உட்காருவது என்பது அவருக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டது.

தள்ளிக்கொண்டு வந்த பெண், ஷகிலா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது, அவரை ஒரு தூண் ஓரமாக நிறுத்திவிட்டு "தாத்தா, ஏத்தறப்ப வரேன்" என்று அடுத்த நாற்காலியைத் தேடிப் போய்விட்டாள். இது உட்காருகிறவன் கையால் உருட்டிக்கொள்ளக் கூடிய நாற்காலி அல்ல. நாலும் சின்னச் சக்கரம், பின்னால் இருந்து யாராவது தள்ளினால்தான் நகரும். "அந்தக் கண்ணாடி பக்கத்துல விடும்மா" என்று சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் போய்விட்டாள். கண்ணாடி பத்தடி தள்ளி இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டெல்லிக்குப் போனபோது அவர் பார்த்து வைத்த கண்ணாடி அது. விமானத்திலிருந்து இறங்குகிறவர்கள் அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமாக ஒரு நடைபாதையில் வந்து, ஏறக் காத்திருப்பவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே போய்க் கீழே இறங்கிவிடுவார்கள். குரல் கேட்காது, கை எட்டாது, முகம் மட்டும் தெரியும். இறங்குகிறவர்களையும் ஏறுகிறவர்களையும் ஒட்ட விடக் கூடாது என்பது அங்கே சட்டமாம். இருக்கட்டும், முகம் தெரிந்தால் போதும். வடிவு அந்தப் பாதையில்தான் வருவாள். வந்து அவரைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவாள், அல்லது ஆட்டமாட்டாள். ஆட்டினால் அவர் இந்த விமானத்தில் ஏறப் போவதில்லை. மேல்சட்டைப் பையில் இருக்கும் போர்டிங் பாஸைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே போய், அம்மாவை ஏற்றிக்கொள்ளக் கார்க் கதவைத் திறந்து நிற்கும் பெரியவன் முன்னால் போய் நின்று, நாங்கள் இரண்டு பேரும் பாளையங்கோட்டைக்குப் போகிறோம், பஸ் நிலையத்தில் இறக்கிவிடு என்று சொல்லப் போகிறார். அந்த வாக்கியத்தை அவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டுகூடச் சொல்லிப் பார்த்தார். இன்னும் அந்த 'இறக்கிவிடு' என்ற இடம் 'இறக்கிவிடுறியாப்பா' என்றே வந்துவிடுகிறது.

எதிர் வரிசையில் கட்டம் போட்ட சட்டைக்காரர் தன் அம்மாவுக்கு மூடியில் ஊற்றித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். அந்த அம்மாளுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. விமான நிலையத்துக்குள் நுழையும்போது வாசலில் நாற்காலி கிடைக்காமல் அவள் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நிற்க முடியாமல் நின்றாள், அவள் உதடு வெளுத்துப்போனதை ஆவுடையப்பன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்தார். இருந்த நாற்காலிகளில் எல்லாம் அவரைப் போன்ற, வீட்டில் பால் பாக்கெட் வாங்கிவரும், பேரனைப் பள்ளி வேன் வரைக்கும் ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோய் விடும், திடகாத்திரமான தகப்பன்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து கொடுத்திருக்கலாம். கொடுக்க வேண்டும் என்று முட்டி வரைக்கும் வந்தது. அப்போது பார்த்து அந்த மனுஷர் குனிந்து, குற்றம் சொல்கிற குரலில்கூட இல்லை, வெறுமனே, "உங்களுக்குக் கால்ல என்னங்க சார்?" என்று கேட்டுவிட்டார். ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது. "முட்டி" என்றார் ஆவுடையப்பன். அத்தோடு விட்டிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் பொய் சொன்னால் அளவு தெரியாது. "ரெண்டும் போச்சு. நிக்கவே முடியறதில்லை" என்றார். அந்த மனுஷருக்கு முகமே மாறிவிட்டது. அய்யோ பாவம் என்ற முகம். ஈரோட்டுப் பக்கம் என்றார், அம்மாவுக்கு இங்கே ஆபரேஷன் முடிந்து டெல்லியில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்றார், முட்டிக்கு நல்லெண்ணெயும் கல் உப்பும் போட்டுக் காய்ச்சி ஒத்தடம் கொடுங்க என்றார், மாடிப்படி மட்டும் ஏறாதீங்க சார், அதுதான் விஷம் என்றார். அதற்குள் அவர் அம்மாவுக்கும் ஒரு நாற்காலி வந்துவிட்டது. வந்த நாற்காலிகள் ஒரே பக்கம்தானே வந்து சேரும், இப்போது எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அம்மாள் வேறு அவரைப் பார்த்து அடிக்கடி சிரிக்கிறாள், தன் ஜாதி ஆளைப் பார்த்துச் சிரிப்பது போல. எழுந்து நடக்க வேண்டும். பத்தடிதான். நேரம் வரும்போது எழுந்துகொள்ளலாம், இப்போதே எழுந்து என்ன செய்ய. வலி கொஞ்சம் குறைந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். யார் இவர்கள், இன்னும் மூன்று மணி நேரம் கழித்து யார் முகத்தில் யார் விழிக்கப் போகிறார்கள். ஆனால் வெட்கம் அந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை.

ரெண்டே முக்கால் மணி நேரம். எத்தனை தடவை கேட்டாயிற்று இதை. வடிவை டெல்லிக்கு அனுப்பும்போது சின்னவன் சொன்னது. "என்னப்பா, ஏதோ அமெரிக்கா போற மாதிரி மூஞ்சிய வச்சுக்கறீங்க. ரெண்டே முக்கால் மணி நேரம். உங்க வீட்டுல இருந்து திருவொற்றியூர் போறதுக்குள்ள டெல்லி வந்துடலாம்." பெரியவன் தன் பங்குக்கு போனில் தேடி, இந்த ஏர்போர்ட்டுக்கும் அந்த ஏர்போர்ட்டுக்கும் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், அவ்வளவுதான் என்று வாசித்தான். அவ்வளவுதான்! ஆவுடையப்பன் அம்பாசமுத்திரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக் கொடுத்த ஆள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டெல்லிக்கும் பம்பாய்க்கும் லைன் பிடித்து, இந்தப் பக்கம் ஒரு அம்மா, அந்தப் பக்கம் ஒரு பட்டாளத்துப் பிள்ளை, இரண்டு பேரையும் கோத்துவிட்டு, "பேசுங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டவர். அந்த நாளில் டெல்லி என்றால் இரண்டு ராத்திரி ரயில். தூரம் என்று ஒத்துக்கொண்டார்கள். தூரம் என்று ஒத்துக்கொண்டதால் அழுதார்கள், ஸ்டேஷன் வரைக்கும் பத்துப் பேர் வந்தார்கள், புளியோதரை கட்டிக் கொடுத்தார்கள், மூன்று நிமிஷத்துக்குப் பேசக் காலையிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது கிட்டத்தில் இருக்கிறதாம். கிட்டத்தில் இருக்கும் ஒன்றுக்கு அழ முடியுமா, சண்டைதான் போட முடியுமா. எப்ப வேணும்னாலும் போய்ப் பார்த்துக்கலாம் என்றார்கள், பதினாலு மாசமாக அந்த எப்ப வேணும்னாலும் வரவில்லை. அவர் வாயைத் திறக்கும் போதெல்லாம் இந்த ரெண்டே முக்கால் மணி நேரத்தை எடுத்து அதில் அடைத்துவிட்டார்கள். பெண்டாட்டியைப் பார்க்க வேண்டும் என்று எழுபத்தைந்து வயசில் ஒருவன் எந்த வாயால் சொல்வான், அதுவும் மருமகள் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது.

யாரையும் தனியாகக் குற்றம் சொல்லவும் முடியவில்லை, அதுதான் எரிச்சல். சின்னவன் வீட்டில் பிள்ளை பிறந்தது, அங்கே அம்மா வேண்டும். பெரியவன் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதற்கு அப்பா போதும். இப்போது பெரியவன் மனைவிக்கு ஏழாம் மாசம், இங்கே அம்மா வேண்டும். சின்னவன் பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டது, பின்னாலேயே ஓடினால் போதும், அதற்கு அப்பா போதும். அப்பா எப்போதும் 'போதும்' கணக்கில்தான். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் இன்னொரு வீட்டுக்கு யார் என்று பிள்ளைகள் கேட்டால் அதுவும் நியாயம்தான். தவிர டெல்லி வீட்டில் அவர்களுக்கு விட்டிருக்கும் அறையில் ஒரு கட்டில்தான் போட முடியும், அதிலும் அலமாரியைத் திறக்கக் கட்டிலை நகர்த்த வேண்டும். அம்பாசமுத்திரம் வீட்டை விற்கும்போது கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னார். சொல்லிவிட்டுச் சாயங்காலம் போட்டார். வடிவை அனுப்பும்போது, மூணு மாசம்தான், அதற்கு மேல் ஒரு நாள் ஆனாலும் நானே வந்து கூட்டிக்கொண்டு போவேன் என்று சொன்னார். வடிவு அப்போது அவரைப் பார்த்த பார்வை. நம்பிய பார்வையும் இல்லை, நம்பாத பார்வையும் இல்லை. மழை வரும் போல இருக்கு என்று யாராவது சொன்னால் வானத்தைப் பார்ப்போமே, அந்த மாதிரிப் பார்த்தாள். மூணு மாசம் போயிற்று, ஆறு மாசம் போயிற்று, அவர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. பேரனுக்குப் பரீட்சை என்றார்கள். டெல்லியில் குளிர் என்றார்கள். அதற்கப்புறம் அவரே சொல்லிக்கொண்டார், நேரம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று.

மைக்கில் ஒரு பெண் ஏதோ சொன்னாள். விமானம் இறங்கிவிட்டதாம். இறங்கி, ஊர்ந்து வந்து, அந்தக் குழாய்ப்பாதையில் முட்டி நின்று, கதவைத் திறக்க இன்னும் நேரம் இருக்கிறது. வடிவுக்கும் இதே மாதிரி சக்கர வண்டி போட்டிருக்கிறானாம், சின்னவன். அப்படியானால் எல்லோரும் இறங்கின பிறகுதான் அவளைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். நேரம் இருக்கிறது. முதலில் ஓடி வருகிறவர்கள் கைப்பெட்டிக்காரர்கள், அப்புறம் குடும்பங்கள், கடைசியில் கிழங்கள். அந்த மொட்டைமாடிப் பேச்சை இன்னொரு தடவை நினைத்துக்கொண்டார். மற்ற நாளெல்லாம் ஸ்பீக்கர்தான். "அம்மா, அப்பா பேசறாங்க" என்று யாராவது போனை மேஜை மேல் வைத்துவிடுவார்கள், அந்தப் பக்கம் மிக்சி ஓடும், இந்தப் பக்கம் டி.வி. ஓடும், நடுவில் புருஷனும் பெண்டாட்டியும் சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு, மாத்திரை போட்டாச்சா, போட்டாச்சு. பத்து நாளைக்கு முன்னால் அவள் துணி காயப்போட மாடிக்குப் போன இடத்திலிருந்து தானே கூப்பிட்டாள். அன்றைக்குத்தான் கேட்டார். கூட வேலை பார்த்த ஜேசுராஜன் பாளையங்கோட்டையில் மாடி போர்ஷனைச் சும்மா பூட்டி வைத்திருக்கிறான், வந்து இருங்கள் என்கிறான், பென்ஷன் வருகிறது, நாம் இரண்டு பேரும் போய்விடலாமா வடிவு. "கோவத்துல சொல்லுதியளா, நெசமாச் சொல்லுதியளா?" என்றாள். நெசமாத்தான் என்றார். "ஒங்க மொகத்தப் பாக்காம எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது. நேர்ல பாத்துச் சொல்லுதேன்." நேரில் எங்கே பார்க்க, நீ இறங்கும்போது நான் உள்ளே இருப்பேன் என்று அவர் அந்தக் கண்ணாடியைப் பற்றிச் சொன்னார். "கண்ணாடிப் பக்கத்துல நிக்கேன். நீ சரின்னா தலையை ஆட்டு, நான் ஏற மாட்டேன்." "நிப்பியளா?" "நிக்கேன்." "கட்டாயம் நிப்பியளா?" என்று திரும்பக் கேட்டாள். அதற்குள் மருமகள் குரல் படியேறி வந்துவிட்டது, "ஆமா, மாத்திரை போட்டாச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தக் கட்டாயத்தில் என்ன இருந்தது என்று அவர் இன்றுவரை தோண்டிக்கொண்டிருக்கிறார். ஆசை இருந்தது போலவும் தோன்றும். தப்பித்துக்கொள்ள வழி பார்ப்பது போலவும் தோன்றும். ஏன் வர வேண்டும் அவள்? நாற்பத்தாறு வருஷத்தில் அவர் என்ன சுகத்தைக் கொடுத்துவிட்டார் அவளுக்கு. நைட் டூட்டி முடிந்து வந்து பகல் முழுக்கத் தூங்கினார். ஊராருடைய பேச்சை எல்லாம் காதில் கேட்டுச் சலித்துப்போய், வீட்டில் அவள் பேச வந்தால் கையைக் காட்டி நிறுத்தினார். வீடியோவில் பார்த்தால் டெல்லியில் அவள் கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கிறாள். அவர் இல்லாமல் அவளுக்கு நன்றாக இருக்கிறதோ என்னவோ. அப்படி இருந்தால் தலையை ஆட்டமாட்டாள், சும்மா சிரித்துவிட்டுப் போய்விடுவாள், அவர் டெல்லிக்குப் போய் ஒற்றைக் கட்டிலில் படுத்துக்கொள்வார். அவள் படுத்திருந்த கட்டில். அதை நினைத்ததும் அவருக்குக் கண் எரிந்தது. அழுகை இல்லை, ஏசியாக இருக்கும் என்று வைத்துக்கொண்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். சொன்ன மாதிரியே கைப்பெட்டிக்காரர்கள் முன்னால். அப்புறம் ஒரு பஞ்சாபிக் குடும்பம், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. ஏறுகிறவர்கள் இங்கே அதற்குள் எழுந்து வரிசை கட்டிவிட்டார்கள், கண்ணாடி ஓரமாகவும் ஏழெட்டுப் பேர் போனைப் பார்த்தபடி நின்றார்கள். எழுந்துகொள்ளலாமா. இப்போதே வேண்டாம், அவள் கடைசியில்தானே வருவாள். கட்டம் போட்ட சட்டைக்காரர் எழுந்து பாத்ரூம் போனால் நன்றாக இருக்கும். அந்த அம்மாள் கண்ணை மூடினால் நன்றாக இருக்கும். ஷகிலா வந்து தள்ளிக்கொண்டு போய் விட்டால் எல்லாவற்றையும் விட நன்றாக இருக்கும். யாராவது வந்து எதையாவது செய்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றே ஆயுசு முழுக்க இருந்திருக்கிறோம் என்று அவருக்குச் சுருக்கென்று பட்டது. அந்த நேரம் பார்த்து வடிவு வந்துவிட்டாள். நாற்காலியில் இல்லை. நடந்து வந்தாள். அரக்குப் புடவை, தோளில் துணிப்பை, தலை முன்னைவிட வெளுத்திருந்தது, ஒரு காலில் செருப்பு வார் கழன்று இழுபட அதைப் பொருட்படுத்தாமல் அவள் பாட்டுக்கு வேகமாக நடந்து வந்தாள். வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறாள். முன்னாலேயே வந்துவிட வேண்டும் என்று வந்திருக்கிறாள். கண்ணாடிக்கு நேராக வந்து நின்றேவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கண்ணாடி ஓரத்தில் நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நிற்பேன் என்று சொன்னவரை நிற்கிறவர்களுக்குள் தேடினாள். ஆவுடையப்பன் கையைத் தூக்கினார். தூணுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் ஒரு கிழவன் கையைத் தூக்குவதை யார் பார்ப்பார்கள். அவள் கண் அவர் தலைக்கு மேலாகவே போய்த் திரும்பியது. அவ்வளவுதான், எழுந்தாயிற்று. இரண்டு கையையும் ஊன்றி அவர் பாதி எழுந்துவிட்டார், முட்டி இரண்டும் கல் போல நின்றன. "சார், சார், எந்திரிக்காதீங்க!" என்று கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒரே தாவலில் வந்து தோளைப் பிடித்துவிட்டார். "விழுந்துருவீங்க சார். என்ன வேணுமுன்னு சொல்லுங்க, நான் எடுத்துத் தாரனுங்க. பாத்ரூமுங்களா? தண்ணியா?" நல்ல மனுஷர், நல்ல பலம். அவர் முதுகுதான் ஆவுடையப்பனுக்கு முன்னால் முழுசாக நின்றது. தள்ளிவிட்டு எழுந்திருக்கலாம். என் பெண்டாட்டி நிற்கிறாள் அய்யா, என் கால் நன்றாக இருக்கிறது, நான் பொய் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாள் எதிரிலிருந்து "மொள்ள, மொள்ள" என்றாள். ஆவுடையப்பன் உட்கார்ந்துவிட்டார். "தண்ணி" என்றார். அந்த மனுஷர் தண்ணீர் எடுக்க நகர்ந்ததும் கண்ணாடி தெரிந்தது. ஒரு சீருடைக்காரன் வடிவைக் கையைக் காட்டிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். முதுகு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. கழன்ற செருப்பை ஒரு கையில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஷகிலா வந்தாள், தள்ளினாள், முதல் ஆளாக ஏற்றினார்கள். கிழங்களுக்கு அந்த மரியாதை உண்டு. முன்வரிசையில் ஜன்னலோரம் அவர், அடுத்த இருக்கையில் கட்டம் போட்ட சட்டைக்காரர், அதற்கடுத்து அவர் அம்மா. ஏறும்போது போர்டிங் பாஸைக் கிழிக்கும் யோசனை அவருக்கு வந்ததா என்றால், வந்தது. கிழித்துவிட்டு என்ன சொல்ல. அவள் தலையை ஆட்டினாளா இல்லையா என்றே தெரியாதே. அவர் பார்க்காத நேரத்தில் ஆட்டியிருக்கலாம். முதுகு மறைத்த அந்த நேரத்தில் ஆட்டியிருக்கலாம். யாரைப் பார்த்து ஆட்டுவாள், கண்ணாடியைப் பார்த்தா? எல்லோரும் ஏறி முடிவதற்குள் போன் அடித்தது. வடிவு. ஸ்பீக்கர் இல்லை, பக்கத்தில் மிக்சி இல்லை, அவள் குரல் அப்படியே காதுக்குள் வந்தது. "பெரியவன் காரை எடுக்கப் போயிருக்கான்" என்றாள் முதலில். அப்புறம், "நிக்கேன்னு சொன்னியளே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். பால்காரன் ஏன் வரவில்லை என்று விசாரிப்பது போலச் சொன்னாள். ஆவுடையப்பன் பக்கத்தில் பார்த்தார். அந்த மனுஷர் வீட்டு ஆள் போல முகத்தை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "முட்டி" என்றார் ஆவுடையப்பன் போனில். "முட்டி வலி வடிவு. நிக்க முடியல. உக்காந்துதான் இருந்தேன். நீதான் பாக்கல." "முட்டியா? எப்ப இருந்து? ஒருத்தரும் சொல்லவே இல்லியே எங்கிட்ட" என்றாள். பதறிவிட்டாள். பதினாலு மாசத்தில் அவர் கேட்ட முதல் பதற்றம் அது, அவருக்கு அது இனித்தது, அந்த இனிப்பை அவர் ஒரு கணம் வாயில் வைத்துக்கொண்டார், அதுதான் செய்த தப்பு. அதற்குள் அவளே பேசிவிட்டாள். "நான் சரின்னு சொல்லத்தான் வந்தேன். வண்டியும் வேண்டாம்னுட்டு ஓட்டமா வந்தேன். போவோம், ரெண்டு பேரும் போயிருவோம்னு நெனச்சேன். நிக்கக்கூட முடியலன்னா அந்த மாடிய எப்படி ஏறுவிய நீங்க? நல்லவேளை, முன்னாலயே தெரிஞ்சுது. விடுங்க. டெல்லியில லிஃப்ட் இருக்கு, ஒங்களுக்கு அதுதான் நல்லது."

இல்லை வடிவு, முட்டி நன்றாக இருக்கிறது, நான் மாடி ஏறுவேன், பத்து மாடி ஏறுவேன். வார்த்தை எல்லாம் வரிசையாக இருந்தது. பக்கத்தில் அந்த மனுஷர் குனிந்து அவர் காலுக்கு அடியில் தன் கைப்பையை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். "ஏன் பேச மாட்டேங்கிய? ரொம்ப வலிக்கா?" என்றாள் வடிவு. வடிவு, கேளு, என்று தொடங்கினார். அந்தப் பக்கம் கார்க் கதவு திறக்கிற சத்தம், "அப்பாவாம்மா? ஸ்பீக்கர்ல போடு" என்று பெரியவன் குரல், அப்புறம் காருக்குள் இருக்கும் அந்த அகலமான சத்தம். "அப்பா, ஏறிட்டீங்களா? முட்டி வலியாமே, சொல்லவே இல்ல? தம்பிகிட்ட சொல்லிடறேன், டாக்டர்கிட்ட காமிச்சிடுவான். நல்ல வேளை வீல் சேர் போட்டோம் பாருங்க." ஆவுடையப்பன் "ஆமா" என்றார். "சாப்டியளா?" என்றாள் வடிவு, ஸ்பீக்கரில் பேசும் குரலில். "சாப்பிட்டாச்சு." "மாத்திரை போட்டாச்சா?" "போட்டாச்சு." போனை அணைக்கச் சொல்லி ஒரு பெண் வந்து நின்றாள், அணைத்தார். கதவைச் சாத்தினார்கள். விமானத்தை ஓட்டுகிறவர் மைக்கில் வணக்கம் சொல்லிவிட்டு, டெல்லிக்கு இரண்டு மணி முப்பத்தைந்து நிமிஷம், வானம் தெளிவாக இருக்கிறது என்றார். "பாத்தீங்களா சார், பத்து நிமிஷம் மிச்சம்" என்றார் பக்கத்து மனுஷர் சந்தோஷமாக. "அதுவரைக்கும் முட்டியை மடக்காதீங்க, நல்லா நீட்டி வச்சுக்கங்க." ஆவுடையப்பன் இரண்டு காலையும் அந்தப் பையின் மேல் நீட்டி வைத்துக்கொண்டார்.